எலியிடம் கேட்ட கேள்வி என்ன?

ஹாம்ஸ்டர் என்ற சிறிய விலங்கின் இரு கன்னங்களிலும் உட்புறமாக ஒரு பை உண்டு. கிடைத்த தானியத்தை அதில் அடக்கிக்கொண்டு வளைக்குப் போய்த் தின்பது அதன் வழக்கம். அந்தப் பையின் உட்சுவரில், டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளைத் திரவ பாரஃபினில் 0.5 சதவீதம் கலந்து, வாரத்துக்கு மூன்று முறை தூரிகையால் தடவிவந்தால், 14 வாரங்களில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்துவிடும். மனிதர்களின் வாயில் பெரும்பாலும் காணப்படும் அதே செதிள்செல் வகைப் புற்றுநோய். 1950-களில் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வில் உருவான இந்த முறையை, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகக் கையாண்டுவருகின்றன. பூண்டு, வேம்பு, தக்காளி, கறுப்புத் தேநீரின் பாலிஃபீனால்கள் என்று நம் வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் இருக்கும் எத்தனையோ பொருள்கள் அந்தக் கன்னப்பைகளில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் நிற்கிறது. ஆகவே இந்த உழைப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

சோதனையின் அமைப்பு எளிது. ஒரு குழு ஹாம்ஸ்டர்களுக்கு டி.எம்.பி.ஏ. மட்டும் தடவுவார்கள். இன்னொரு குழுவுக்கு அதைத் தடவுவதோடு, தாவரப்பொருளையும் வாய்வழியே கொடுப்பார்கள். வேறொரு குழுவுக்குத் தாவரப்பொருள் மட்டும். கடைசிக் குழுவுக்கு எதுவுமே இல்லை. காலம் முடிந்ததும் விலங்குகளைக் கொன்று, கட்டிகளை எண்ணி, அளந்து, திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தாவரப்பொருள் பெற்ற குழுவில் கட்டிகள் குறைந்திருந்தால் ஆய்வுக் கட்டுரை பிறக்கும். கட்டுரை பல்கலைக்கழகத்தின் செய்திக் குறிப்பாகும். குறிப்பு நாளிதழில் ‘புற்றுநோயைத் தடுக்கும் பூண்டு’ என்று தலைப்பாகும். அன்று மாலைக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களில் உலாவத் தொடங்கும்.

இந்த நீண்ட சங்கிலியில் முதலில் தொலைந்துபோவது கேள்விதான். எந்த விலங்குக்கு, எவ்வளவு, எப்போது கொடுத்தார்கள்? விலங்குச் சோதனை தரும் விடை இந்த மூன்றுக்குள் மட்டுமே செல்லும். மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டு விடையை மட்டும் மக்கள் கையில் கொடுப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும் நோயாளிக்குச் செய்யும் துரோகம் அதைவிடப் பெரிது.

‘எப்போது’ என்பதிலிருந்தே தொடங்கலாம். மக்களுக்குக் கொஞ்சமும் சொல்லப்படாத விஷயம் அதுதான்.

டி.எம்.பி.ஏ. உடலுக்குள் போன உடனே புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. உடலில் உள்ள சில நொதிகள் முதலில் அதை வேறொரு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாறிய வடிவம்தான் செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கிறது. ஒரு தாவரப்பொருள் அந்த நொதியை மட்டுப்படுத்தினாலோ, விஷத்தை வெளியேற்றும் வேறு நொதிகளைத் தூண்டிவிட்டாலோ, டி.எம்.பி.ஏ. வேலை செய்யாமல் போய்விடும், கட்டியும் குறையும். ஆனால், அங்கே தடுக்கப்பட்டது அந்த ஒரு விஷத்தின் வேலை. ஏற்கெனவே டி.என்.ஏ. கெட்டுப்போன செல் கட்டியாக வளர்வதைத் தடுப்பது முற்றிலும் வேறு. கூரையில் நெருப்பு வைக்க வருபவனின் கையைப் பிடிப்பதும், பற்றி எரியும் கூரையை அணைப்பதும் ஒரே வேலையாகாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் லீ வாட்டன்பெர்க் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் உண்டாகும் இண்டோல்-3-கார்பினால் என்ற பொருள், டி.எம்.பி.ஏ. கொடுப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டால் எலிகளின் மார்பகக் கட்டிகளைக் குறைக்கிறது என்று 1978-இல் காட்டியவரும் அவரே.

நிஜ வாழ்க்கையில் தடுப்பு மருந்து தேடி வருபவர் யார்? இருபது ஆண்டுகளாகப் புகையிலை போட்டு, வாயில் வெள்ளைத் திட்டு வந்தபின் பயந்துபோய் வருபவர். அவருடைய செல்களில் சேதம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. விஷத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தாவரப்பொருளைக் கொடுத்துப் பார்த்த சோதனை அவருக்கு எதையும் சொல்வதில்லை.

சில நேரங்களில் அது தவறான திசையையும் காட்டக்கூடும். அதற்குச் சாட்சி ஒரு மீன்.

1960-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் வானவில் ட்ரவுட் மீன்கள் ஈரல் புற்றுநோயால் கூட்டம் கூட்டமாகப் பாதிக்கப்பட்டன. அதே காலத்தில் இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. சில மாதங்களில் இறந்தவை மட்டும் ஒரு லட்சம். இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்தது. வான்கோழிகளின் தீனியில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலும், மீன் தீனியில் சேர்த்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஊறியிருந்தது. ட்ரவுட் மீனுக்கு அந்த நச்சு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். இந்த அளவு கடந்த உணர்திறனையே பயன்படுத்திக்கொண்டு, கோர்வாலிஸ் நகரில் உள்ள ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அந்த மீனைப் புற்றுநோய் ஆய்வுக்கான விலங்காக வளர்த்தெடுத்தது. எலி வளர்ப்பதைவிட மீன் வளர்ப்பு மலிவு என்பதால், ஆயிரக்கணக்கில் எடுத்துச் சோதிக்க முடிந்தது.

அங்கே ஜார்ஜ் பெய்லியும் அவருடைய குழுவினரும் இண்டோல்-3-கார்பினாலைக் கையிலெடுத்தார்கள். அஃப்ளாடாக்சின் கொடுப்பதற்கு முன்பும் கொடுக்கும்போதும் அதைத் தீனியில் கலந்தபோது ஈரல் கட்டிகள் குறைந்தன. எல்லோரும் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். காய்கறியைப் புகழ இன்னொரு கட்டுரை கிடைத்திருக்கும். அவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். நச்சு கொடுத்து முடித்த பிறகு இந்தப் பொருளைத் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும்? கட்டிகள் கூடின. 1987-இல் வெளியான அந்த முடிவின் பொருள் தெளிவானது: சேதத்துக்கு முன் காவலாக நின்ற அதே பொருள், சேதத்துக்குப் பின் கட்டியை வளர்த்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் அதே பொருளால் கூடியதை வேறொரு குழு பதிவு செய்திருந்தது. இந்தப் பொருள் வயிற்றின் அமிலத்தில் வேறு பல சேர்மங்களாக மாறுவதும், அவை செல்லுக்குள் இருக்கும் ஓர் ஏற்பியைத் தூண்டி நொதிகளின் போக்கையே மாற்றுவதும் பின்னர் விரிவாக ஆராயப்பட்டன. முட்டைக்கோஸ் பொரியலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, கேப்சூலில் அடைத்து, யார் வேண்டுமானாலும் நாள்தோறும் விழுங்கலாம் என்று விற்பதுதான் அச்சம் தர வேண்டும். விற்கத்தான் செய்கிறார்கள்.

இனி ‘எவ்வளவு’. இங்கே மஞ்சளைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் விளையும் ஊர்க்காரர்களின் பெருமையில் நியாயம் இருக்கிறது. அந்த மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1815-இல், ஐரோப்பாவில். அதற்குப் புற்றுநோயைத் தடுக்கும் குணம் இருக்கலாம் என்ற பேச்சு ஆய்வகங்களில் வலுப்பெற்றது 1980-களில்தான். கேரளத்தின் திருச்சூரில் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தின் ராமதாசன் குட்டன் 1985-இல் மஞ்சளின் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றி எழுதினார். 1988-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் கான்னி குழுவினர், சுண்டெலிகளின் தோலில் முதலில் டி.எம்.பி.ஏ. தடவி, பிறகு கட்டியைத் தூண்டும் இன்னொரு வேதிப்பொருளை 20 வாரங்கள் தடவினார்கள். அதோடு குர்குமினையும் சேர்த்துத் தடவியபோது, அளவைப் பொறுத்துக் கட்டிகளின் எண்ணிக்கை 39, 77, 98 சதவீதம் குறைந்தது. அளவு கூடக் கூட விளைவும் கூடியது. விளைவு உண்மையானது என்பதற்கு இப்படிப்பட்ட படிக்கட்டு நல்ல அடையாளம். பிரமாதமான சோதனைதான். ஆனால், குர்குமின் தடவப்பட்டது தோலில். கட்டி வந்ததும் தோலில்.

1995-இல் நியூயார்க் மாநிலத்தின் அமெரிக்கன் ஹெல்த் ஃபவுண்டேஷனில் பந்தாரு ரெட்டி குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். எலிகளின் தீனியில் 0.2 சதவீதம் குர்குமினைக் கலந்து, பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் அசாக்ஸிமீத்தேன் ஊசியைப் போட்டு, ஓராண்டு காத்திருந்தார்கள். கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. 2002-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் இன்னும் பயனுள்ள ஒன்றைச் செய்தது. பிறவியிலேயே மரபணுக் குறையால் குடலில் கட்டிகள் முளைக்கும் சுண்டெலி வகை ஒன்று உண்டு. அவற்றின் தீனியில் 0.1, 0.2, 0.5 சதவீதம் என மூன்று அளவுகளில் குர்குமினைக் கலந்தார்கள். 0.1 சதவீதத்தில் ஒரு பயனும் இல்லை. 0.2 சதவீதத்தில் கட்டிகள் 39 சதவீதம் குறைந்தன. 0.5 சதவீதத்தில் 40 சதவீதம்.

இந்த 0.2 சதவீதத்தை மனிதர் கணக்குக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் தீனி தின்னும். அதில் இருக்கும் குர்குமின் 8 மில்லிகிராம். அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 320 மில்லிகிராம். சிறிய விலங்கின் உடல் மருந்தை விரைவாகச் செலவழிக்கும் என்பதால், மனிதருக்கு மாற்றும்போது உடற்பரப்பின் அடிப்படையில் சுமார் 12-ஆல் வகுப்பது நடைமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் குர்குமின் என்று வருகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம்தான். ஆக, அந்தச் சுண்டெலிக்குக் கிடைத்த அளவை ஒருவர் சாப்பாட்டின் வழியாகப் பெற வேண்டுமென்றால் தினமும் 50 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். சாம்பாரிலும் ரசத்திலும் பொரியலிலும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளில் போய்ச் சேர்வது ஓரிரு கிராம். அந்த அளவோ, சுண்டெலிக்கே பயன் தராத 0.1 சதவீதத்துக்கும் மிகக் கீழே இருக்கிறது.

மேலும், விழுங்கிய குர்குமின் ரத்தத்தில் சேர்வது அரிது. குடலும் ஈரலும் அதை விரைவில் உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய மிளகு சேர்க்கலாம் என்ற பேச்சுக்கு அடிப்படை, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998-இல் வெளியிட்ட ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது, மனிதர்களின் ரத்தத்தில் கிடைத்த அளவு 2,000 சதவீதம் உயர்ந்தது. எலிகளில் உயர்வு 154 சதவீதம் மட்டுமே. ஒரே பொருள், ஒரே துணைப்பொருள். எலிக்கும் மனிதருக்கும் இடையே இத்தனை இடைவெளி. மிளகு-மஞ்சள் பால் குடிக்கச் சொல்லும் காணொலிகள் 2,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. மிளகு சேர்க்காமல் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது அநேகமாக ஒன்றுமில்லை என்பதையும், ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு பெரிதாக இருந்துவிடாது என்பதையும் அவை சொல்வதில்லை.

ரத்தத்தில் சேராத பொருள், அது நேரடியாகத் தொடும் இடங்களில் மட்டும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. தோல், வாய், குடல். குடலில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வில், புகைபிடிப்பவர்கள் 30 நாள்கள் தினமும் 4 கிராம் குர்குமின் எடுத்துக்கொண்டபோது, பெருங்குடலில் தோன்றும் நோய்க்கு முந்தைய நுண்புள்ளிகள் 40 சதவீதம் குறைந்தன. 2 கிராமில் மாற்றம் இல்லை. ஒப்பிட மருந்துப்போலிக் குழு அதில் கிடையாது. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான மொட்டுக்கட்டிகள் முளைக்கும் நோயுள்ளவர்கள் ஐவரிடம், வெங்காயத்திலும் உள்ள குவெர்செடினோடு சேர்த்து குர்குமின் கொடுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு, கட்டிகள் 60 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. உற்சாகம் கரைபுரண்டது. அதே நோயுள்ள 44 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 3 கிராம் குர்குமினும் மற்றதற்கு மருந்துப்போலியும் ஓராண்டு முழுக்கக் கொடுத்த முறையான சோதனை 2018-இல் வெளிவந்தது. கட்டிகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. லெஸ்டரின் சுண்டெலிகளுக்கும் இந்த நோயாளிகளுக்கும் இருந்தது ஒரே மரபணுவின் குறைதான் என்பதை நினைத்தால், இந்த ஏமாற்றத்தின் கனம் புரியும்.

இதைவிட முக்கியமானது இன்னொரு சுண்டெலி ஆய்வு. அது ஒருபோதும் வாட்ஸ்அப்பில் வந்ததில்லை. 2002-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனித மார்பகப் புற்றுநோய்க் கட்டியைச் சுமந்த சுண்டெலிகளுக்கு சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்தார்கள். தீனியில் குர்குமின் கலந்திருந்தபோது, மருந்தால் கட்டி சுருங்கவேண்டிய அளவு சுருங்கவில்லை. அந்த மருந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவுக்கு, அன்பு மிகுதியால் மகனோ மருமகளோ குர்குமின் கேப்சூல் வாங்கிக் கொடுப்பது தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் நடக்கிறது! சுண்டெலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பது இதற்கும் பொருந்தும். ஆனால் நல்ல செய்தியைச் சொல்லும் சுண்டெலியை மட்டும் நம்புவது எந்த நியாயம்? தன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் எந்தக் கேப்சூலையும் விழுங்கக் கூடாது என்பதை அந்த அம்மாவுக்கு யாராவது சொல்ல வேண்டும். கேப்சூல்கள் தீங்கற்றவை என்ற எண்ணமும் தவறு. மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் அண்மையில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இறந்துபோனார். சமையல் மஞ்சளுக்கு அந்தக் குற்றச்சாட்டு இல்லை.

அடுத்தது ‘எந்த விலங்கு’. இதைப் புரியவைக்கக் கேரட்டின் நிறமி போதும். பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்ற கணிப்புகளும், விலங்குகளில் கிடைத்த நம்பிக்கையான முடிவுகளும் சேர்ந்து, 1980-களில் பெரும் மனிதச் சோதனைகளைத் தொடங்கவைத்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994-இல் அறிக்கை வந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேர். அவர்களுக்கு வைட்டமின் ஏ-யும் சேர்த்துத் தரப்பட்டது. அங்கே 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். தடுப்பு என்று நம்பிக் கொடுத்த மாத்திரையால் மனிதர்கள் செத்தார்கள்.

பிறகுதான் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் சரியான விலங்கைத் தேடியது. எலியின் குடல் பீட்டா கரோட்டினை உள்ளே வரும்போதே வைட்டமின் ஏ-யாக உடைத்துவிடும். முழுப்பொருள் அதன் ரத்தத்துக்குள் வருவது மிகக் குறைவு. மனிதர்களுக்கு அப்படியில்லை. கீரியை ஒத்த உடலமைப்புள்ள ஃபெரட் என்ற விலங்கு இதில் மனிதரைப் போன்றது. ஃபெரட்டுகளுக்கு அதிக அளவில் பீட்டா கரோட்டின் கொடுத்து, சிகரெட் புகையையும் காட்டியபோது, நுரையீரல் திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. ஆண்டு 1999. இந்தச் சோதனை பத்தாண்டுகள் முன்னதாக நடந்திருக்க வேண்டும்.

எலிகள் பயனற்றவை என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. சரியான விலங்கைத் தேர்ந்தெடுத்துச் சரியாகக் கேட்டால், எந்த மனிதரையும் ஆபத்தில் தள்ளாமல் உண்மை தெரிந்துவிடும். அதனாலேயே விலங்குச் சோதனைகள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதில் அலட்சியம் கூடாது. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் நடந்த விலங்கு ஆய்வுகள் 271-ஐ ஆராய்ந்து 2009-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அவற்றில் 87 சதவீதம், விலங்குகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்ததாகச் சொல்லவில்லை. 86 சதவீதத்தில், எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியாமல் மதிப்பிட்டதற்கான குறிப்பு இல்லை. கட்டியை அளப்பவருக்கு மருந்து பெற்ற விலங்கு எது என்று தெரிந்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கண் சாய்ந்துவிடும்.

உடல் எடை என்ற பொறியும் இருக்கிறது. கசப்பான சாறு கலந்த தீனியை எலி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்னும் எலிக்குக் கட்டியும் குறையும். சிகாகோவின் ஆல்பர்ட் டானன்பாம் 1940-களிலேயே இதை நிறுவிவிட்டார். பட்டினி செய்த வேலைக்கு மூலிகை பெயர் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் எடை அட்டவணையைத் தேடிப் பார்க்கும் செய்தியாளர் இந்த ஒன்றினாலேயே பாதித் தலைப்புகளைத் தவிர்த்துவிடலாம்.

எண்ணிக்கையும் அப்படியே. குழுவுக்குப் பத்து விலங்குகள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் இருபது. அவற்றில் நான்குக்கு எப்படியும் கட்டி வராது என்றால், அந்த நான்கும் குருட்டு அதிர்ஷ்டத்தால் மருந்துக் குழுவிலேயே அமைந்துவிட நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்குச் சற்று மேல் உண்டு. வேறு சொற்களில், ஒரு பயனும் இல்லாத இருபத்து மூன்று தாவரப்பொருள்களைச் சோதித்தால், ஒன்று சும்மாவே ஜெயிக்கும். ஜெயித்த ஒன்று இதழில் வெளியாகும். மற்ற இருபத்திரண்டும் அலமாரிக்குள் போகும். வெளியானதை மட்டும் படிப்பவருக்கு உலகத்துத் தாவரமெல்லாம் புற்றுநோயைத் தடுப்பதாகத்தான் தோன்றும்.

நல்ல வழியில் நடந்த ஒரு கதையும் இருக்கிறது. அதே ட்ரவுட் மீன்களில், இலைப்பச்சையத்திலிருந்து தயாரிக்கப்படும் குளோரோஃபிலின் என்ற பொருள், குடலுக்குள்ளேயே அஃப்ளாடாக்சினைப் பற்றிக்கொண்டு உள்ளே போகவிடாமல் தடுக்கிறது என்று கண்டார்கள். எந்த நச்சு, எந்த இடம், எந்த வேலை என்று மூன்றும் தெளிவாக இருந்தன. அதையே மனிதர்களிடம் சோதிக்க, அஃப்ளாடாக்சின் கலந்த உணவால் கல்லீரல் புற்றுநோய் மிகுந்திருந்த சீனத்தின் சீடாங் பகுதிக்குப் போனார்கள். 180 பேர், நான்கு மாதங்கள், வேளைக்கு 100 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை. நச்சு டி.என்.ஏ.வைத் தாக்கியதன் அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்ததாக 2001-இல் முடிவு வந்தது. புற்றுநோயைத் தடுத்துவிட்டோம் என்று அவர்கள் கூவவில்லை. அளந்ததை மட்டும் சொன்னார்கள். அதே சீடாங்கில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவுகள் பின்னாளில் குறைந்தபோது, பெரும்பங்கு ஆற்றியது வேறொன்று. மக்கள் பூஞ்சணம் பிடித்த சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியிருந்தார்கள்.

புற்றுநோய்த் தடுப்பைத் தமிழ்நாட்டில் பேசும்போது புகையிலையையும் பாக்கையும் பேசாமல் இருக்க முடியாது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கு மட்டுமே மெல்லுவதும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. தாம்பூலத் தட்டில் இன்றும் பாக்கு இருக்கிறது. ‘தினமும் மஞ்சள் சேர்த்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் வராது’ என்று சொல்லிக்கொண்டே பாக்குப் பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்ததில் நாளிதழ்த் தலைப்புகளுக்கும் பங்கு உண்டு.

ஆய்வகங்கள் மூடப்பட வேண்டியதில்லை. அவற்றின் கேள்வி மாற வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதற்கு வழிகாட்டும். நெடுநாள் புகைபிடிப்பவர்கள் 16 பேருக்கு ஒரு மாதம் தினமும் 1.5 கிராம் மஞ்சள் கொடுத்தார்கள். சிறுநீரில் மரபணுவைக் கெடுக்கும் பொருள்கள் குறைந்தன. புற்றுநோய் தடுக்கப்பட்டதா என்பதற்கு அது விடையாகாது. ஆனால் அளவு நம் சமையலறையின் அளவு, ஆட்கள் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள். விலங்குச் சோதனையும் இப்படிப்பட்ட நிலத்தில் கால் ஊன்ற வேண்டும். கன்னப்பையில் சேதம் நடந்து முடிந்த பிறகு தாவரப்பொருளைத் தொடங்கும் குழு ஒன்று எல்லாச் சோதனைகளிலும் இருக்க வேண்டும். உணவில் கிடைக்கக்கூடிய அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். கட்டியை அளப்பவருக்குக் குழுவின் பெயர் தெரியக் கூடாது. பயன் இல்லை என்ற முடிவும் வெளியாக வேண்டும். ஒரு விலங்கின் உடலில் வலிய ஒரு நோயை வரவழைக்கும்போது, இவ்வளவாவது செய்வது கட்டாயக் கடமை.

இந்தியாவில் மனிதர்கள் மீதான மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். யாரிடம், எதை, எவ்வளவு காலம், எதை அளக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், பிடிக்காத முடிவை மறைப்பது கடினமாகிவிட்டது. ஜெர்மனியில் விலங்குச் சோதனைகளுக்கும் அப்படியொரு பதிவேட்டை 2019 ஜனவரியில் திறந்தார்கள். இங்கே விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் விலங்கின் வகை, எண்ணிக்கை, அந்த எண்ணிக்கைக்கான காரணம், சோதனையின் காலம் எல்லாமே ஏற்கெனவே எழுதப்படுகின்றன. கோப்புக்குள் போய் உறங்குகின்றன. அந்தப் படிவத்தின் சுருக்கத்தையும், சோதனை முடிந்ததும் கிடைத்த முடிவையும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப் பெரிய செலவு ஆகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் மத்திய அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றின் விலங்கு நெறிமுறைக் குழுக்கள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.